கை எட்டாத பக்கம்

காலை பதினொன்றேகால், நான்கு இடங்கள், முடிவு சொல்ல வேண்டியவள் சலேத்மேரி. ஜெட்டியின் ஓரத்தில், படகுக் கயிறு சுற்றியிருந்த இரும்புக் குற்றிக்குப் பக்கத்தில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். அன்று ஜூன் பதினான்கு, வெள்ளிக்கிழமை, மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி நாள். அறுபத்தோரு நாள் கட்டிக் கிடந்த படகுகளில் எங்கு பார்த்தாலும் சுத்தியல் சத்தம், பெயின்ட் வாடை, ஆளுக்கு ஆள் அவசரம். மற்றவர்கள் நாளைக் காலையே கடலுக்குப் போகிறார்கள். அவள் படகுக்கு இன்ஜின் சோதனை பாக்கி, அது திங்கட்கிழமைதான், கடலுக்குப் போவது புதன்கிழமை. இது பழைய படகு. மூன்று வருடம் மணலில் ஏறிக் கிடந்ததைப் பலகை மாற்றி இறக்கியிருந்தார்கள். நல்ல படகு அக்கரையில் இருக்கிறது. நல்ல படகும், அதை ஓட்டிக்கொண்டு போன அவள் புருஷன் கஸ்பாரும். அதை இப்போது நினைக்க வேண்டாம். இப்போது நினைக்க வேண்டியது ஜி.பி.எஸ். ஆன்டெனா. மண்டபத்திலிருந்து மெக்கானிக் நூகு பாய் வந்திருந்தார். கையில் வெள்ளைக் காளான் மாதிரி ஒரு சாமான், அதிலிருந்து வால் போலத் தொங்கும் கறுப்பு வயர். படகோட்டுகிற அறையான வீல்ஹவுஸின் கூரையில் ஏறி நின்றுகொண்டு அவர் கேட்டார். எங்கன போட தங்கச்சி, சீக்கிரம் சொல்லுங்க, ஓட்டை போட்டா போட்டதுதான், பிறகு என்ன வச்சு அடைச்சாலும் மழைத்தண்ணி வழி கண்டுபிடிச்சிரும். பன்னிரண்டுக்கெல்லாம் அவர் கிளம்ப வேண்டும், ஜும்மா தொழுகை. முக்கால் மணி நேரம். முக்கால் மணி நேரத்தில் ஒரு காளானுக்கு இடம் சொல்ல முடியாதா. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவள்கூட இவ்வளவு யோசிக்க மாட்டாள் என்று ராயப்பன் கீழேயிருந்து சிரித்தான். ராயப்பன் இந்தப் படகை ஓட்டப் பிடித்து வைத்திருக்கிற ஆள். நல்லவன்தான், வாய்தான் ஓயாது.

நான்கு இடமும் கண்ணுக்குத் தெரிந்தன. கொடிமரத்தின் உச்சி: வானம் தடையில்லாமல் தெரியும், ஆனால் படகு உருளும்போது உச்சி ஆளுயரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வரும், நிற்கிற படகை ஓடுகிற படகாகக் காட்டும் என்றார் நூகு பாய். வீல்ஹவுஸ் கூரையின் நடு: ஆட்டம் குறைவு, ஆனால் அங்கே வயர்லெஸ் கம்பி இருக்கிறது, அது பேசும்போது இது காதைப் பொத்திக்கொள்ளும். பின்னால் வலை இழுக்கிற இரும்புச் சட்டம்: கம்பிக்கயிறு ஒரு தடவை தெறித்தால் போதும், காளான் கடலில். முன்னால் கைப்பிடிக் கம்பி: அலை ஏறிக் குளிப்பாட்டும். ராயப்பனுக்குக் கொடிமரம்தான் வேண்டும். ஆனால் கொடிமர உச்சியில் மரச்சிலுவை இருந்தது, பங்குச் சாமியார் மந்திரித்தது, அதற்கு மேலே எதையும் வைக்க இந்த ஊரில் யாருக்கும் துணிவு வராது. சிலுவைக்கு ஒரு சாண் கீழே வைத்துக்கொள்ளலாம், ஆண்டவர் கோபிக்க மாட்டார், அவருக்கும் நாம எங்க நிக்கிறோம்னு தெரியணும்ல என்றான் ராயப்பன். சலேத்மேரி கொடிமரத்தைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், சட்டத்தைப் பார்த்தாள். ஏறிப் பார்த்தால் விளங்கிவிடும். ஏற முடியாது. பொம்பளை கால் படகில் படக்கூடாது. இருபது வருடமாகப் படகுக்காரன் பெண்டாட்டி, இதுவரை ஒரு பலகையில் கால் வைத்ததில்லை. ஐஸ் எத்தனை பெட்டி, டீசல் எவ்வளவு, வலையில் எத்தனை கண்ணி கிழிசல், எல்லாம் கரையிலிருந்தே அத்துப்படி. கால் மட்டும்தான் கூடாது. கையால் கொடுக்கலாம். சோற்றுச்சட்டி கொடுக்கலாம், தண்ணீர்க் குடம் கொடுக்கலாம், மாதா படம் கொடுக்கலாம். ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவே இரண்டு சாண் இடைவெளி, அதில் கரும்பச்சைத் தண்ணீர் ஏறி ஏறி இறங்கும், அதன் மேல் கை நீளும். தண்ணீர் ஏறி நிற்கிற நேரத்தில் கூரை நெஞ்சு மட்டத்துக்கு வந்துவிடும். இப்போது ஏறித்தான் நின்றது. நீட்டினால் கூரையின் விளிம்பைத் தொடலாம். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

முப்பது எட்டு நடக்கிற தூரத்தில் இன்னொரு படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீல டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடுக்கிற முதுகு எமரிட்டினுடையது. கஸ்பாரின் தம்பி, அவளுக்குக் கொழுந்தன். ஒன்பது மாதமாக அவனை அவள் முதுகாக மட்டும்தான் பார்க்கிறாள். கோயிலில் முதுகு, கடைத்தெருவில் முதுகு. அவன் திரும்பினால் இவள் திரும்பிக்கொள்வாள். பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. மெலிந்துவிட்டான். மெலியட்டும். அன்றைக்கு ஸ்டியரிங் பிடித்தவன் அவன்தான். கஸ்பார் கீழே கண்ணயர்ந்திருந்தார், தம்பி பார்த்துக்கொள்வான் என்று. தம்பி பார்த்துக்கொண்ட அழகு, விடியற்காலை ரோந்துக் கப்பல் பக்கத்தில் வந்து விளக்கடிக்கிறபோது படகு எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு மைல். யார் டிரைவர் என்று கேட்டபோது கஸ்பார் முன்னால் போய் நான்தான் என்றார். எமரிட்டின் பெண்டாட்டி ஜெனிட்டாவுக்கு அப்போது ஏழு மாதம். மற்ற நால்வரை ஆறு வாரத்தில் விட்டார்கள். டிரைவர், அதோடு சொந்தக்காரன் என்பதால் கஸ்பாருக்கு ஒன்றரை வருடம். எமரிட் திரும்பி வந்து சொன்னதை ஊரே சிரித்தது. நான் தூங்கல மதினி, ஜி.பி.எஸ்.ல படகு நம்ம பக்கந்தான் நின்னுச்சு, மடிவலை இழுக்கையில மெதுவாத்தான போகும், அதான் புள்ளி நகரலன்னு நெனச்சேன். தூங்கினது இவன், பழி ஜி.பி.எஸ். மேல என்றார்கள். சின்னப் பிள்ளைகள்கூட அவனைப் பார்த்தால் தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டுக் காட்டின. ஊர்க் கமிட்டி இரண்டு வருடம் எந்தப் படகிலும் அவன் ஸ்டியரிங் தொடக்கூடாது என்றது. அது கமிட்டி செய்தது. அவள் செய்தது வேறு. அவன் வீட்டு வாசலில் போய் நின்று, குனிந்து இரண்டு கையிலும் மண்ணை வாரி, ஜெனிட்டா கதவைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் பார்க்க, வீசினாள். மண் அந்தப் பெண்ணின் வயிற்றில் பட்டு உதிர்ந்தது. பிள்ளை பிறந்துவிட்டது, பெண், நன்றாகத்தான் இருக்கிறதாம். யாரோ சொன்னார்கள். அவள் கேட்கவில்லை.

என்ன தங்கச்சி, வாயத் தொறங்க என்றார் நூகு பாய். பிறகு அவராகவே ஒரு வழி சொன்னார். கூரைதான் நல்லது, ஆனால் வயர்லெஸ்ஸை விட்டுத் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோய், முழ நீளத்தில் ஒரு குழாய் நட்டு அதன் தலையில் உட்கார வைக்கலாம். குழாய் எதற்கு என்று ராயப்பன் கேட்டான். கூரையோடு கூரையாகப் படிய வைத்தால் நீங்க சும்மா இருக்க மாட்டீங்களே என்றார் அவர். ஈர வலையைப் போடுவீங்க, கருவாடு காயவைப்பீங்க, தகரத் தட்டைக் கவிழ்ப்பீங்க. இதுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, ஆகாசம் தெரியணும். வலைகூடப் பரவாயில்ல. இரும்பு, தகரம், அலுமினியம், இதுல எது மேல கெடந்தாலும் குருடுதான். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ரம்பத்தை எடுத்துக் குழாயை அளக்க ஆரம்பித்தார். குழாய் மேலே நிற்கும். கூரைக்கு ஒரு முழம் மேலே. நல்லதுதான். வெயில் படும். முந்தின காளான் வெயிலில்தான் வெடித்தது. அதற்கு முந்தினதைக் கடற்காக்கை கொத்திக் கொத்தி மேலெல்லாம் எச்சம். கஸ்பார் அலுத்துக்கொண்டார், வருஷத்துக்கு ஒண்ணு மாத்த நான் என்ன கப்பலா விடுறேன் என்று. அதனால்தான். அதனால்தான் என்ன. ஒன்றுமில்லை. குழாய் ஒரு முழம். ஓரத்தில் என்றால் எந்த ஓரம். அலுமினியம் என்றாரா. தகரம் என்றார், இரும்பு என்றார், மூன்றாவதாக ஒன்று சொன்னார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று இல்லை, மண்டபத்தில் கடை போட்டு ரேடியோ பழுது பார்த்தவர், இப்போது ஜி.பி.எஸ். பார்க்கிறார். அலுமினியம் லேசானது. கையில் எடுத்தால் காகிதம் மாதிரி. அது எப்படி மறைக்கும்.

அது ஒரு சட்டி. அடியில் ஒட்டுப் போட்டது, சோறு வடிக்க ஆகாமல் கோழிக்குத் தண்ணீர் வைத்தது, இரண்டு பக்கமும் காது உள்ளது. அதைக் கழுவி இந்த ஜெட்டிக்குத்தான் எடுத்து வந்தாள், போன வருடம், அவர்கள் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், தண்ணீர் ஏறி நின்ற நேரம். கஸ்பார் வீல்ஹவுஸுக்குள் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். நான் பிறகு வைக்கிறேன், வச்சிட்டுப் போ என்றார். பிறகு என்றால் அவருக்கு ஒரு மாதம். அவள் குற்றியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, கை நீட்டி, சட்டியைக் காளானின் மேல் கவிழ்த்தாள். காற்று பறித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று இரண்டு காதிலும் நைலான் கயிறு கோத்துக் கூரைக் கம்பியில் கட்டினாள். ஐந்து முடிச்சு. ஐந்தாவதைப் பல்லால் கடித்து இறுக்கினாள், அதற்காக இன்னும் சாய்ந்தாள், ஆனாலும் கால் ஜெட்டியில்தான் இருந்தது. கஸ்பார் தலையை வெளியே நீட்டிப் பார்த்து, தொப்பி போட்டுட்டியா, இனி கல்யாணம் ஒண்ணுதான் பாக்கி என்றார். எமரிட்டும் பார்த்துச் சிரித்தான். இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒருத்தர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. குடைதானே. மழைக்கு மனுஷன் குடை பிடித்தால் மனுஷன் குருடாகிவிடுவானா. சரி, குருடு என்றே இருக்கட்டும். குருடாக இருந்தால் உள்ளே இருக்கிற ஜி.பி.எஸ். பெட்டி ஒன்றும் காட்டியிருக்காதே. ஒன்றும் காட்டவில்லை என்றால் எமரிட் அப்போதே சொல்லியிருப்பானே. காட்டியது என்றுதானே அவன் சொன்னான். காட்டியது, அப்படியானால் சட்டியால் ஒன்றுமில்லை, அப்படியானால் அவன் தூங்கினான். இந்த இடத்துக்கு வந்ததும் அவளுக்கு மூச்சு கொஞ்சம் சரியாக வந்தது. கொடிமரமா கூரையா என்று மறுபடி பார்த்தாள். கூரைதான். கூரையே இருக்கட்டும்.

ஆனால் போட்டோ. பிடித்த படகுகளை அக்கரைத் துறையில் வரிசையாகக் கட்டி வைத்திருந்த போட்டோ பேப்பரில் வந்தது. கஸ்பாரின் முகம் எங்காவது தெரிகிறதா என்று எத்தனை நாள் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருப்பாள். முகம் ஒன்றும் இல்லை. இடமிருந்து மூன்றாவது படகு அவர்களுடையது. அதன் கூரையில் ஒரு வெள்ளைப் பொட்டு. அச்சில் மை படாமல் போன இடம் என்று நினைத்தாள். நகத்தால் சுரண்டிக்கூடப் பார்த்தாள். சுரண்டினால் காகிதம்தான் வந்தது. அந்தப் பேப்பர் இப்போதும் மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அது வெயில். வெயில் பட்டு ஒரு சாமான் மின்னியது. கடல் தாண்டி, காற்றில், அலையில், ரோந்துக் கப்பல் கயிறு போட்டு இழுத்த இழுப்பில், ஐந்து முடிச்சும் அவிழவில்லை. முடிச்சு போடுவதில் அவள் கெட்டிக்காரி. பிறகு டிசம்பரில் வந்த போன். சிறையிலிருந்து மூன்று நிமிடம் பேச விட்டார்கள். பிள்ளை படிக்கிறாளா, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா, இப்படி இரண்டு நிமிடம் போனது. பிறகு கஸ்பார் திடீரென்று, அந்த ஒட்டுப் போட்ட சட்டி வீட்டுல இருக்கா என்று கேட்டார். எந்தச் சட்டி, அதைத்தான் கூரையில் கட்டினேனே, நீங்கதானே கழட்டி வச்சிருப்பீங்க என்றாள். வயரில் இரைகிற சத்தம் மட்டும். பிறகு, சரி, அத விடு, எமரிட்ட ஏச வேண்டாம் என்றார், லைன் போய்விட்டது. சிறையில் அடைத்து வைத்தால் மனுஷனுக்குச் சட்டி பானையெல்லாம் நினைப்பு வரும்போல என்று அன்றைக்கு அழுதாள். பொழுது போகாமல் கேட்ட கேள்வியா அது. பொழுது போகாமல் மாதக்கணக்கில் கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிற மனுஷன், எது எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்திருப்பார். கழட்டாமல் விட்டது அவர். கட்டியது அவள். பங்கு போட்டால் யாருக்கு எவ்வளவு. இதையெல்லாம் பங்கு போட முடியுமா.

பாய், அலுமினியம்னா என்ன ஆகும் என்று கேட்டாள். பெட்டியே வெறுமையாயிருமா. அவர் ரம்பத்தை நிறுத்தினார். அதுதான் மோசம், வெறுமையானா நல்லது, ஆளுக்குத் தெரிஞ்சிரும் என்றார். சொல்வதைவிடக் காட்டுவது லேசு என்று நினைத்தவர் போல, காளானைக் கூரை ஓரத்தில் வைத்து, வயரைக் கீழே வீல்ஹவுஸுக்குள் ராயப்பனிடம் விட்டுப் பேட்டரியில் சொருகச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு படகில் வெல்டிங் பொறி பறந்தது. ராயப்பன் உள்ளேயிருந்து எண்ணினான். மூணு சாட்டிலைட், ஆறு, பதினொண்ணு, படகு தெரியுது, ஜெட்டியும் தெரியுது என்றான். நூகு பாய் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடியை மட்டும் எடுத்துத் துடைத்து, காளானின் மேல் கவிழ்த்தார். அவள் கழுத்தை நீட்டினாள். வீல்ஹவுஸ் ஜன்னலில் ராயப்பனின் தோள்தான் தெரிந்தது, பெட்டி தெரியவில்லை. ஏறினால் தெரியும். ஏற முடியாது. ஒன்பது, ஆறு என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நாலு. மூணு. மறுபடி நாலு. ரெண்டு. பிறகு எண்ணிக்கை நின்றது. இப்ப என்ன காட்டுது என்று நூகு பாய் கேட்டார். ராயப்பன் சாவகாசமாகச் சொன்னான்: “ஒண்ணும் மாறல பாய். படகு அங்கனயேதான் நிக்கிது.”

ஒன்றும் மாறவில்லை. அவ்வளவுதான். நூகு பாய் அவளுக்காக விளக்கினார். மூடி கொஞ்சம் இடைவெளி விட்டு இருந்தால் ஓரம் வழியாக ஒன்றிரண்டு வந்துகொண்டிருக்கும், ஒரு நேரம் காட்டும், ஒரு நேரம் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே புள்ளியை நிறுத்தி வைக்கும். மூலையில் இங்கிலீஷில் சின்னதாக ஒரு எழுத்து மினுக்கும், அதை யார் பார்க்கிறார்கள். ஓடுகிற படகென்றால் புள்ளி நிற்பது தெரியும், மடி இழுக்கிறவனுக்கு எங்கே தெரியப் போகிறது, அவனே ஊர்ந்துதானே போகிறான், நீரோட்டம் வேறு. அவர் சொன்னது முழுவதையும் ஒன்பது மாதத்துக்கு முன்பு எமரிட் சொல்லியிருந்தான். அவள் வீட்டு நடையில் உட்கார்ந்து, தரையில் விரலால் கோடு போட்டு, இது எல்லை, இது நாம, புள்ளி இங்கனதான் மதினி நின்னுச்சு என்று. அந்த விரலை அவள் காலால் தள்ளிவிட்டாள். சரி, தள்ளினாள். இப்போது என்ன செய்ய. ஒன்றும் செய்ய வேண்டாம். குழாய் நட்டு, காளான் வைத்து, புதன்கிழமை படகை அனுப்பினால் முடிந்தது. சட்டி அக்கரையில் கிடக்கிறது. பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சிறையில், அவர் சொல்ல மாட்டார், சொல்ல நினைத்திருந்தால் அந்த மூன்று நிமிடத்தில் சொல்லியிருப்பார். இன்னொருவன் ஐஸ் தூக்குகிறான், அவனுக்குச் சட்டி ஞாபகம்கூட இருக்காது. இருந்தாலும் தூங்குமூஞ்சி சொல்வதை யார் கேட்பார்கள். கமிட்டி சொன்ன இரண்டு வருடத்தில் ஒன்பது மாதம் ஓடிவிட்டது. மீதியும் ஓடிவிடும். அதற்குள் கஸ்பாரும் வந்துவிடுவார். வந்து தம்பி தலையில் கையை வைத்து ஒரு வார்த்தை சொன்னால் ஊர் மறந்துவிடும். ஊர் மறக்கும். சொன்னால்தான் மறக்காது. சொன்னால் கமிட்டியில் முதலில் என்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஜி.பி.எஸ்.ஸைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். பொம்பளைக்குப் படகு மேல என்ன கை என்று கேட்பார்கள். கால் படவில்லை என்று சொல்லலாம். கால் படவில்லை என்றால் கை மட்டும் சுத்தமா என்பார்கள். இதுவரை காலோடு நின்ற விலக்கு இனிமேல் கைக்கும் வரும். சோற்றுச்சட்டி நீட்டுகிற ஒவ்வொருத்தியின் கையையும் பார்ப்பார்கள். அந்தப் பெண்கள் எல்லாரும் அவளைப் பார்ப்பார்கள். இருபது வருடமாகக் கால் வைக்காமல் இருந்ததற்கு இதுவா பலன். கால் வைத்திருந்தால், ஒரே ஒரு நாள் ஏறி அந்தப் பெட்டியைப் பார்த்திருந்தால், சட்டியைக் கவிழ்த்ததும் எண் குறைவதைப் பார்த்திருப்பாளே. அவள்தான் எதையும் எண்ணிப் பார்க்கிறவள் ஆயிற்றே. பதினொன்று, ஒன்பது, ஆறு. பார்த்திருப்பாள். மண்ணை வீசியபோது அந்தப் பெண் வயிற்றை இரண்டு கையாலும் மூடினாள். அந்தக் கையின் மேலும் மண் பட்டது.

மணி பதினொன்று ஐம்பது. நூகு பாய் மூடியைத் துடைத்துத் தன் டப்பாவில் போட்டுக்கொண்டார். ராயப்பன் மறுபடி பதினொன்று வரைக்கும் எண்ணி, எந்திரிச்சிட்டாரு என்றான். ஐஸ் படகில் கடைசி டப்பா ஏறிவிட்டது. எமரிட் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெட்டி வழியாக வந்தான். அவளைக் கடந்துதான் ரோட்டுக்குப் போக வேண்டும். எப்போதும் போல அவன் அந்த ஓரத்துக்கு ஒதுங்கினான். எப்போதும் போல அவள் முகத்தைத் திருப்பப் போனாள். திருப்பினால் இன்றைக்குத் தப்பிக்கலாம். நாளைக்கும் அவன் ஐஸ் தூக்குவான், நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம், கஸ்பார் வந்த பிறகு அவரை வைத்துச் சொல்லலாம். அவன் தாண்டிவிட்டான். மறுபடி முதுகுதான். கழுத்தில் ஐஸ்தூள் ஒட்டிக் கரைந்துகொண்டிருந்தது.

“எமரிட்டு.”

அவன் நின்றான். திரும்பவில்லை. கூப்பிட்டது அவள்தானா என்று அவனுக்குச் சந்தேகமாக இருந்திருக்கும். ராயப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். அவனுக்கும் கேட்கட்டும், அவன் காதில் விழுந்தால் ஊருக்கே விழுந்த மாதிரி. அவள் குற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ தூங்கல.”

“அது எனக்குத் தெரியும் மதினி” என்றான் எமரிட்.

“நான் கட்டுன சட்டி. அதான் மறைச்சிருக்கு. பாய் இப்பதான் காட்டுனாரு.”

அப்போதுதான் அவன் திரும்பினான். கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்து நின்றாள், அழுவானோ என்றும் நினைத்தாள். அவன் கூரையைப் பார்த்தான், காளானைப் பார்த்தான், நூகு பாய் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தான். உதடு அசைந்தது, கணக்குப் போடுகிறவன் மாதிரி. அந்த ராத்திரியை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. பிறகு அவன் மெதுவாகக் கேட்டான்.

“அப்ப நான் கண்ணு மூடலதான?”

தெரியும் என்று சொன்னவன்தான். ஒன்பது மாதம் ஊர் குறட்டை விட்டுக் காட்டியதில் அவனுக்கே சந்தேகம் வந்திருக்கிறது. ஒரு கணம் கண்ணயர்ந்திருப்போமோ, அந்த ஒரு கணத்தில்தான் அண்ணன் போனாரோ என்று. இல்லப்பா என்றாள். கமிட்டியில் வந்து சொல்கிறேன் என்றாள், ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு. சொல்ல வேண்டாம் என்று அவன் சொல்வான் என ஒரு மூலையில் ஆசையிருந்தது. அவன் சொல்லவில்லை. மதினி, ஜெனிட்டாகிட்டயும் சொல்லணும் என்றான். அவள் தலையசைத்தாள். அது கமிட்டியைவிடக் கஷ்டம். கமிட்டியில் ஆம்பளைகள்தான் இருப்பார்கள்.

நூகு பாய் இதில் எதுவும் காதில் விழாதவர் போல ட்ரில் மெஷினை எடுத்துக்கொண்டார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். தங்கச்சி, கூரைன்னு ஆயிருச்சு, ஓரம்னு ஆயிருச்சு, எந்தப் பக்கம், அதமட்டும் சொல்லுங்க. அவள் படகைப் பார்த்தாள். எப்போதும் இடது பக்கம்தான் ஜெட்டியில் அணையும், கஸ்பார் பழக்கிய பழக்கம், இந்த ஊரில் எல்லாருக்கும் அதுதான் பழக்கம். கூரையின் இடது விளிம்பு அவள் நெஞ்சுக்கு நேராக ஏறி இறங்கியது, நீட்டினால் தொடலாம். வலது விளிம்புக்கு அந்தப் பக்கம் வெறும் தண்ணீர். கடல் பக்கம் போடுங்க பாய் என்றாள். அங்கிட்டா என்றார் அவர், வயர் பத்தாது, ஒட்டுப் போடணும். போடுங்க. குழாயைச் சாய்த்து, தலை கூரைக்கு வெளியே ஒரு சாண் நீட்டி நிற்க நடச் சொன்னாள், கீழே தண்ணீர் இருக்கிற மாதிரி. எதையாவது கவிழ்க்க நினைக்கிறவன் படகில் ஏறி, கூரையில் ஏறி, கடலுக்கு மேல் தொங்க வேண்டும். இங்கிருந்து என் கை எட்டக் கூடாது, அதுதான் இடம் என்றாள். நூகு பாய் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, குனிந்து, பென்சிலால் கூரையில் ஒரு வட்டம் போட்டார். ட்ரில் இரைந்தது. சாம்பல் நிறப் பெயின்ட் தூளாகப் பறந்து தண்ணீரில் விழுந்தது. எமரிட் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்று அதைப் பார்த்தான்.

2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, ஊர்க் கமிட்டி கூடியது. சலேத்மேரி பேசியது நான்கு நிமிடம். எமரிட் மீதிருந்த தடை நீக்கப்பட்டது. படகின் எந்தப் பாகத்தையும் பெண்கள் கையால் தொடக் கூடாது என்றும், சலேத்மேரி ஒரு வருடத்துக்கு ஜெட்டிக்கு வரக் கூடாது என்றும் தீர்மானம் எழுதப்பட்டது. 19ஆம் தேதி புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, எமரிட் ஓட்ட, ராயப்பன் உட்பட ஐந்து பேருடன் படகு கடலுக்குப் போனது. சோற்றுச்சட்டியை ஜெனிட்டா ஜெட்டியில் வைத்தாள். ராயப்பன் இறங்கி வந்து எடுத்துக்கொண்டான்.